மடுவுக்குக் காவல்

மருதவில் குளத்தின் வடகரை திருகோணமலை மாவட்டம், தென்கரை பொலன்னறுவை மாவட்டம். வடகரையில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் இருந்தார்கள், தென்கரையில் சிங்களவர்கள். சிறுகண்ணி வலையாலும் வெடியாலும் இரு கரையாரும் குளத்தைத் துடைத்து எடுத்திருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், ஒரு விரால் பிடிபட்டால் ஊரே வந்து பார்க்கும்.

குளத்தை மீட்கும் பொறுப்பு ஸைனுலாப்தீனிடம் வந்தது. கிண்ணியாக்காரர், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருந்த மீன்பிடித் திணைக்களக் கந்தோரில் பரிசோதகர். சிங்களம் நன்றாகப் பேசுவார். இரு கரைக்கும் ஜீப்பில் மாறிமாறிப் போனார். ஒரு கரையார் மற்றக் கரையாரைக் கள்ளர் என்று ஏசுவதை இரண்டு மொழியிலும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. சிறுகண்ணி வலையும் வெடியும் இனி இல்லை. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றும்போது தாய்மீன்கள் நடுக்குளத்து மடுவில் ஒதுங்கும். மழை விழும்வரை அங்கே யாரும் பிடிப்பதில்லை. விடியற்காலையில் கரைக்கு ஒருவராக இருவர், ஒரே தோணியில் காவல் போவது.

வடகரையில் ஆதம்பாவா முன்வந்தார், தென்கரையில் முதியான்சே. ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. முதலில் தோணியின் இரண்டு அந்தத்திலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தவர்கள், போகப்போக வெற்றிலையை மாற்றிக்கொண்டார்கள். ஆதம்பாவாவின் மகள் கலியாணத்துக்கு முதியான்சே ஒரு வாழைக்குலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அடுத்த மாரியில் விரால் திரும்பியது. மீனைக் கண்ட இரு கரையாரும் ஏசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

எழுபத்தேழு ஆவணியில் நாட்டில் சிங்கள–தமிழ்க் கலவரம் மூண்டது. கேள்விப்பட்ட உடனே ஸைனுலாப்தீன் வடகரைக்குப் போய், நிலைமை அடங்கும்வரை குளத்தில் இறங்க வேண்டாம் என்று ஆதம்பாவாவை மறித்தார்.

"முதியான்சே பாத்துக்கொண்டு நிப்பாரே, சேர்."

அவருக்கும் சொல்லிவிடுவதாக ஸைனுலாப்தீன் வாக்குக் கொடுத்தார். தபாற்கந்தோரில் டெலிபோன் வேலை செய்யவில்லை. ஜீப்பிலேயே தென்கரைக்குப் புறப்பட்டார். வழியில் ஒரு லொறி எரிந்துகொண்டிருந்தது. அவர் ஜீப்பைத் திருப்பினார்.

மறுநாள் விடிய முதியான்சே தனியே தோணியில் போனார். மடுவில் வெடி போட வந்தவர்களை மறித்திருக்க வேண்டும். வெடிச் சத்தம் இரு கரைக்கும் கேட்டது. அவருடைய உடலைத் தென்கரையார் கொண்டுவந்து கரை சேர்த்தார்கள். வெடி போட்டவர்கள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. வடகரையார்தான் என்றது தென்கரை. தென்கரையார்தான் என்றது வடகரை.

பாதை திறந்ததும், ஆதம்பாவா கேட்டபடி, அவரும் ஸைனுலாப்தீனும் செத்தவீட்டுக்குப் போனார்கள். முதியான்சேயின் மனைவி வெள்ளைச் சேலையோடு வந்து, இருவரும் உட்காரக் கதிரைகளை இழுத்துப் போட்டாள். பிறகு ஆதம்பாவாவைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கிறா, சேர்?"

"நீங்க ஏன் வரல்ல எண்டு. பொழுது கிளம்புமட்டும் கரையில பாத்துக்கொண்டு நிண்டாராம்."

ஆதம்பாவா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஸைனுலாப்தீன் அவளுடைய பாஷையில் சொன்னார். ஆதம்பாவாவை மறித்தது தான்தான். சொல்ல வெளிக்கிட்டுப் பாதியில் திரும்பியதும் தான்தான். அவள் ஏசவில்லை. எந்த இடம்வரை வந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். அவர் இடத்தைச் சொன்னார்.

அங்கிருந்து எங்கள் வீடு கிட்டத்தான் என்றாள் அவள். அதை அவரால் தமிழில் சொல்ல முடியவில்லை. ஆதம்பாவாவும் கேட்கவில்லை.

மாரியில் குளம் நிரம்பியது. இரு கரையிலும் சிறுகண்ணி வலைகள் மறுபடி இறங்கின. ஸைனுலாப்தீன் இரு கரையாரையும் கூட்டத்துக்கு அழைத்தார். பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஆதம்பாவா மட்டும் வந்திருந்தார். மத்தியானம்வரை இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"இனிக் காவல் வைக்க ஏலாது, ஆதம்பாவா காக்கா. நீங்க ஊட்டுக்குப் போங்க."

"ஓம், சேர்," என்றார் ஆதம்பாவா. ஆனால் எழும்பவில்லை.