தலைவர் அணைக்க மறந்த மைக்

கொரியக் கடற்கரை ஊரான ஹேமுரியில் மொத்தம் பதினான்கு கூம்பு ஒலிபெருக்கிகள். பன்னிரண்டு போதும் என்றுதான் மேலிடத்தில் சொன்னார்கள். கல்லறை மேட்டுக்கு ஒன்று, கடற்சுவர் முனைக்கு ஒன்று என்று மனுமேல் மனுவாகப் போட்டு மிச்ச இரண்டையும் வாங்கி வந்தவர் ஊர்த்தலைவர் பியோன் தால்ஷிக். ஆகையால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர் மானம் போனபோது, இறந்தவர்களுக்கும் மீன்களுக்கும் சேர்த்தே கேட்டது. இதில் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

நடந்தது இதுதான். ஊர்க்கூடத்தின் பின்னறையில் உட்கார்ந்து, வழக்கம்போல் ஒரு பழைய பாட்டை இரண்டு வரி ஓடவிட்டு, "ஆ, ஆ, மைக் கேக்குதா" என்று தொண்டையைச் செருமி, அறுபத்தைந்து தாண்டியவர்கள் எல்லாரும் குளிர்காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார். "போன வருஷம் மாதிரி ஊசிக்குப் பயந்து படகுல ஏறி ஓடிறாதீங்க. யாருன்னு சொல்லல. அவருக்கே தெரியும்." அத்தோடு மைக்கை அணைத்தார். அணைத்ததாக நினைத்தார். மைக் உயிரோடிருந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு அவிந்துபோய் இரண்டு மாதம். அதை மாற்ற வேண்டியவரும் ஊர்த்தலைவர்தான். 'நாளைக்கு' என்ற சொல்லை அந்தக் கடற்கரையில் அவரைப்போல் தேய்த்தவர் யாருமில்லை.

அறையில் ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி உண்டு. பத்தரைக்கு அதில் 'கடலின் கடைசிக் காவலன்' தொடரை மறுபடி போடுவார்கள். எத்தனையாவது மறுபடி என்று போடுகிறவர்களுக்கே கணக்கு இருக்காது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் எடுத்த தொடர் அது. நானூறு வருஷமாக முப்பது வயதிலேயே நின்றுபோன ஒருவன், கடலுக்குக் காவல் இருக்கிறான். யாராவது அவனை அவன் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவனுக்கு வயது ஏறும். ஆனால் அந்தப் பேரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நீலக் கதவு போட்ட நூடுல்ஸ் கடையில் வேலை பார்க்கும் பெண் கடைசியில் அதைக் கண்டுபிடித்துக் கூப்பிடுகிறாள். மறுநாள் காலை அவன் தலையில் ஒரே ஒரு நரைமுடி. அந்த முடியைப் பார்த்து நாடே அழுதது. கொரியாவில் சிந்தியது போக மிச்சக் கண்ணீர் பிறகு கப்பலேறி மற்ற நாடுகளுக்கும் போனது.

தால்ஷிக் வெளியில் அந்தத் தொடரை மதித்தவரே இல்லை. "நானூறு வருஷம் வேலைவெட்டி இல்லாம திரிஞ்சிருக்கான், அவனுக்குப் போய் அழுவுறீங்களே" என்று கடையில் உட்கார்ந்து நக்கலடிப்பார். அதில் தானும் நடித்திருக்கிறார் என்பதை மட்டும் விடமாட்டார். ஏழாம் பாகத்தில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் இரண்டு விநாடி தெரியும் இடது முழங்கை அவருடையது. ஆனால் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டால் கதையே வேறு. காவலன் பேசும் வசனமெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அன்றைக்குக் கடைசிப் பாகம். காவலன் நீலக் கதவின் முன்னால் நின்று சொன்னான். தால்ஷிக்கும் கூடவே சொன்னார்:

"எனக்கு வயசாகணும். உன் பக்கத்துல உட்கார்ந்து வயசாகணும்."

அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். நிறுத்தவில்லை.

"ஓக்புன்," என்றார் சுவரைப் பார்த்து. "எனக்கு வயசாகியே போச்சு. அம்பத்தெட்டு. கல்யாணம் பண்ணிக்கணும்னு நெனச்சு நெனச்சு நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன். முட்டி ரெண்டும் சத்தம் போடுது. மிச்சம் இருக்குற கொஞ்சத்தையாவது உன் பக்கத்துல உட்கார்ந்து செலவு பண்ணலாமான்னு கேக்கணும். பதினோரு வருஷமா ஒரு கிண்ணம் நூடுல்ஸ்னு மட்டும் கேட்டுட்டு வந்துர்றேன்."

பிறகு மூக்கைச் சிந்தினார்.

கைப்பேசி அடித்தது. கணவாய் மீன் காயப்போடும் கூ மான்சோக். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன்.

"தலைவரே, மூக்கு சிந்துனது வரைக்கும் தெளிவா கேட்டுச்சு. கல்லறை மேட்டுல எங்கப்பாவும் கேட்டிருப்பாரு. மொதல்ல சுவிட்ச அணை."

தால்ஷிக் சுவிட்சைப் பார்த்தார். சுவிட்ச் அவரைப் பார்த்தது. அணைத்தார்.

"எவ்வளவு கேட்டுச்சு?"

"சொன்னேனே, மூக்கு வரைக்கும். இங்க பொம்பளைங்க எல்லாம் கணவாயப் போட்டுட்டு நிக்குறாங்க. ஆனா ஒரு சந்தேகம். யாருப்பா அந்த ஓக்புன்?"

தால்ஷிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மேங் ஓக்புன் என்ற பெண்ணுக்கு அந்த ஊரில் முப்பது வருஷமாக அந்தப் பேர் கிடையாது. மகள் ஹேரிம் பிறந்த நாளிலிருந்து அவர் ஹேரிம் அம்மா. புருஷன் இறந்துபோய், மகள் தலைநகர் சியோலுக்கு வேலைக்குப் போய், தனியாக நூடுல்ஸ் கடை நடத்தும்போதும் ஹேரிம் அம்மாதான். அதே ஊரில் தால்ஷிக் நாலு தேர்தலாகத் தலைவர். அவரைப் பெற்றவள் இறந்தபிறகு அவரையும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மானம் போனது போனதுதான், ஆனால் விலாசம் இல்லாமல் போயிருக்கிறது. தப்பிக்க வழியிருந்தது.

இரண்டு நிமிஷம்தான் இருந்தது. ஊருக்குக் கடிதம் கொண்டுவரும் ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு, "மேங் ஓக்புன்னா நூடுல்ஸ் கடைம்மா. கரண்ட் பில்லு அந்தப் பேருலதான் வரும்" என்று கணவாய்ப் பெண்களுக்கு விளக்கிவிட்டதாக மான்சோக் மறுபடி கூப்பிட்டுச் சொன்னான். சிரிப்பில் பாதி வார்த்தை விழுங்கிப்போனது.

அப்போதுதான் தால்ஷிக் இரண்டாவது தப்பைச் செய்தார். முதல் தப்பு கையால் செய்தது. இது மூளையைப் போட்டுச் செய்தது.

"ஆ, ஆ. ஊர் மக்களுக்கு ஒரு திருத்தம். கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி கேட்டது டிவியில வந்த வசனம். ஓக்புன்ங்கிறது அந்தத் தொடர்ல வர்ற ஒரு பாத்திரம். யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம்."

இதை எந்த ஊரிலும் சொல்லலாம், ஹேமுரியில் சொல்லக்கூடாது. அந்தத் தொடரை ஏழெட்டுத் தடவை பார்த்த ஊர். அதில் நாய்க்கு என்ன பேர், கப்பலுக்கு என்ன பேர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் ஊர். முட்டி சத்தம் போடும் காவலனை அவர்கள் ஒரு பாகத்திலும் பார்த்ததில்லை.

கடைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தார். போகாவிட்டால் அந்த ஜன்னலோர மேசை போய்விடும். பதினோரு வருஷமாக மத்தியானம் அங்கே உட்கார்ந்துதான் அவர் அன்றைக்கு நடந்ததை ஒரு ஆளிடம் சொல்வார். அந்த ஆள் மாவைத் தேய்த்துக்கொண்டே, "அப்புறம்?" என்பார். நாளைக்கு அந்த 'அப்புறம்' இல்லையென்றால் மிச்சமிருப்பது பதினான்கு ஒலிபெருக்கிகள்தான். போனார்.

கடை வாசலில் ஒரு சுற்றுலாப் பேருந்து. தொடரில் வந்த அதே நீலக் கதவுக்கு முன்னால் இருபது பேர் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடற்சுவர் முனையில் நிற்கும்போது இவர்களுக்கும் கேட்டிருக்கிறது. வழிகாட்டிப் பெண் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தும் சொல்லிவிட்டாள். தால்ஷிக்கைக் கண்டதும் வரிசை மொத்தமும் கைதட்டியது.

"ஊர்ல ஏற்பாடு பண்ணின நிகழ்ச்சின்னு நெனச்சிட்டாங்க தலைவரே," என்றாள் வழிகாட்டி. "தினமும் எத்தன மணிக்கு நடக்கும்னு கேக்குறாங்க."

உள்ளே ஹேரிம் அம்மா மாவை மடித்துக் கத்தியால் சரசரவென்று நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அந்தக் கத்தியின் வேகம் தால்ஷிக்குப் பிடிக்கவில்லை.

"ஹேரிம் அம்மா, காலையில..."

"மாவு காயுது. ஜன்னல் மேசைக்கு ரெண்டு கிண்ணம் எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு போனார். மிளகாய் விழுதும் சிப்பியும் கொதித்த வாசனை முகத்தில் அடித்தது. திரும்பி வந்தார்.

"இல்ல, அந்த மைக்..."

"கிம்ச்சி வைக்கல பாருங்க."

கிம்ச்சி ஊறுகாயை வைத்தார். மூன்றாவது முறை வாயைத் திறந்தபோது, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, "மழை வருமோ?" என்றார் ஹேரிம் அம்மா. வானம் துடைத்துவைத்த தட்டுபோல இருந்தது.

ஜன்னலோர மேசையில், தால்ஷிக்கின் நாற்காலியிலேயே, ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊர் இந்தோனேசியாவில் சுரபாயா. பேர் ரெத்னோ. இந்தக் கதவைப் பார்க்க மூன்றாவது முறையாக வந்திருக்கிறார். தால்ஷிக் பழக்கதோஷத்தில் வழிகாட்டியிடம் நக்கலை ஆரம்பித்தார்.

"கேளும்மா இவங்ககிட்ட. நானூறு வருஷம் சும்மா இருந்தவன்கிட்ட அப்பிடி என்னத்தக் கண்டாங்க, பன்னெண்டு வருஷமா பாக்குறதுக்கு?"

வழிகாட்டி கேட்டாள். ரெத்னோ நூடுல்ஸை மென்று முடித்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். வழிகாட்டி மொழிபெயர்த்தாள்.

"இவங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷராம். முப்பது வருஷத்துல ஒரு தடவ திட்டுனதில்ல. ஒரு தடவ இப்பிடி எதுவும் சொன்னதுமில்ல. மனசுல இருக்கும்னு இவங்களுக்குத் தெரியுமாம். இருந்தாலும் காதால கேக்கணும்ல? அதான் டிவியில கேட்டுக்குறாங்களாம். இன்னைக்கு ஸ்பீக்கர் குழாயில கேட்டது அதவிட நல்லா இருந்துச்சுங்கிறாங்க. மூக்கு சிந்துனது ரொம்பப் பிடிச்சிருந்துச்சாம்."

தால்ஷிக்குச் சிரிக்க வரவில்லை. சொந்த நாற்காலி இல்லாததால் நின்றபடியே அதைக் கேட்க வேண்டியிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். கத்திச் சத்தம் நின்றிருந்தது. உடனே மறுபடி ஆரம்பித்தது.

பேருந்து கிளம்ப மூன்று மணியாயிற்று. ரெத்னோ போகும்போது ஹேரிம் அம்மாவின் கையைப் பிடித்து என்னவோ கேட்டார். ஹேரிம் அம்மா அவர் காதில் என்னவோ கொரிய மொழியில் சொன்னார். மொழி தெரியாத ரெத்னோ தலையாட்டிச் சிரித்துக்கொண்டே ஏறிப்போனார். மொழி தெரிந்த தால்ஷிக்குக் கேட்கவில்லை.

கடை காலியானது. பாத்திரங்களைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தும் ஆயிற்று. இனிக் காயுது என்று சாக்குச் சொல்ல மாவு இல்லை.

"ஹேரிம் அம்மா, கோவமா?"

"ஆமா."

"மன்னிச்சுக்குங்க. அந்த வெளக்கு அவிஞ்சுபோச்சு, நான் மாத்தல, மைக் அணைஞ்சிருச்சுன்னு..."

"அதுக்கில்ல." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவர் முதன்முறையாக நேராகப் பார்த்தார். "ரெண்டாவது அறிவிப்புக்கு. முப்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் வாயில என் பேரு வந்துச்சு. நான் கத்திய கீழ வெச்சுட்டுக் கேட்டேன். அடுத்த அஞ்சாவது நிமிஷம் அது டிவி பாத்திரம்ங்கிறீங்க. ஊரே சிரிக்குது. யாரோ சொல்லிட்டாங்க, எங்க ஹேரிம் சியோல்லேருந்து கூப்பிடுறா. 'அம்மா, நீ எத்தனாவது பாகத்துல வர்ற'ன்னு கேக்குறா."

தால்ஷிக் நீலக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வசந்தத்திலும் இதே நீலத்தைத் தேடி வாங்கி ஹேரிம் அம்மாவே அடிக்கிற கதவு. வந்து போகிறவர்களுக்காக என்று தால்ஷிக் நினைத்திருந்தார்.

"சரி, பொய்தான் சொன்னேன்," என்றார். "மொதல்ல சொன்னது நெசம். மூக்கு உட்பட. அதுக்கு என்ன சொல்றீங்க?"

ஹேரிம் அம்மா இடுப்புத் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். கையை நீட்டினார்.

"அந்த அறைச் சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க தலைவரே."

கொடுத்தார். நாலு தேர்தலில் யாரிடமும் கொடுக்காத சாவி. ஊர் முழுக்கக் கேட்கும்படி தன்னைத் திட்டப்போகிறார் என்று அவருக்குப் புரிந்தது. நியாயம்தான் என்றும் பட்டது.

"வெளக்குதான் இல்லையே. மைக் வேலை செய்யுதான்னு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது," என்றார் தால்ஷிக் பரிதாபமாக. "அதானே பிரச்சினை."

ஹேரிம் அம்மா போய்விட்டார். தால்ஷிக் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கணவாய்க் கொடிகளுக்கு நடுவிலிருந்து மான்சோக் வந்து வாசலில் எட்டிப்பார்த்து, "என்ன தலைவரே, கடைய எழுதி வாங்கிட்டியா? ஆளக் காணோம்?" என்றான்.

"உஷ்," என்றார் தால்ஷிக்.

பாட்டு எதுவும் போடவில்லை. நேராகக் கரகரவென்று ஒரு சத்தம். பதினான்கு ஒலிபெருக்கிகளும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டன. கணவாய் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். ஊசி போட்டுக்கொண்டு சட்டைக் கையை மடித்தபடி வந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

"ஆ, ஆ. கேக்குதா? கேக்கும்னு நெனைக்குறேன். நான் மேங் ஓக்புன், நூடுல்ஸ் கடை. காலையில ஒருத்தர் கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன்."

மூச்சு மட்டும் கேட்டது. தால்ஷிக் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மான்சோக் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"பியோன் தால்ஷிக். எனக்குச் சம்மதம். இது டிவியில வந்த வசனம் இல்ல."