நாற்பது நொடித் துயில்

"கண்ணை மூடுங்க புலவரே. முகத்தை இறுக்காதீங்க, பல் டாக்டர்கிட்ட வந்து படுத்த மாதிரி இருக்கு" என்றான் கேமராக்காரன்.

புலவர் தலையணையில் தலையை இன்னும் சற்று அமிழ்த்தினார். கிடங்கின் நடுவே பெட்டிகளை ஒதுக்கிப் போட்ட கட்டில்; தலைக்கு மேல் வெள்ளைத் துணி போர்த்திய விளக்கு; அடுத்த அறையில் உறைகளுக்குள் பஞ்சு ஊதும் இயந்திரத்தின் ஓயாத இரைச்சல். காலையில் வந்த நடிகை மூன்று மணி நேரம் படுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குப் புன்னகைக்கத் தெரிந்தது, அழகாகக் கொட்டாவி விடத் தெரிந்தது. மூடிய இமைக்குள் விழி மட்டும் எலிக்குஞ்சு போல் ஓடிக்கொண்டே இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் புலவரின் தலை மேசைமேல் சாய்வதோ அலுவலகம் முழுதும் அறிந்த செய்தி. ஆகவே அவரைக் கையோடு பிடித்துவந்து கிடத்தியிருந்தார்கள்.

புலவர் என்பது அலுவலகம் இட்ட பெயர். இணையத்தில் தலையணை விற்கும் அந்தச் சிறு நிறுவனத்தில், படத்துக்குக் கீழே வரும் விவரத்தை எழுதுவது அவர் பணி. எந்தப் பொருளையும் ஏழு நாள் தம் வீட்டில் வைத்துப் புழங்காமல் ஒரு வரி எழுதமாட்டார். பிறகு எழுதியதை உரக்கப் படித்துப் பார்ப்பார். நாவில் இடறிய சொல்லை இரக்கமின்றி நீக்குவார். இந்தத் தலையணைக்கு அவர் எழுதிய பக்கம் இவ்வாறு தொடங்கியது: ‘கவலையைத் தீர்க்கும் வல்லமை இதற்கில்லை. கவலையோடு வந்து படுப்பவரின் கழுத்தை நோகாமல் ஏந்திக்கொள்ளும்.’

"விக்கிறதுக்கு எழுதினீங்களா, வேணாம்னு சொல்லி அனுப்பறதுக்கு எழுதினீங்களா?" என்று முதலாளியம்மா அன்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் தலையணை விற்றது. நான்கு ஆண்டுகள் நன்றாகவே விற்றது.

இப்போதுதான் சரிவு. பக்கத்தைத் திறப்பவர்கள் மூன்றாம் வரிக்குள் வெளியேறிவிடுவதாகக் கணினி காட்டியது. முதலாளியம்மா ஒரு போட்டி வைத்தார். பத்து நாள்களுக்கு, கடைப்பக்கத்துக்கு வருபவரில் பாதிப் பேர் புலவரின் எழுத்தைக் காண்பார்கள்; மறுபாதிப் பேர் நாற்பது நொடிக் காணொளி ஒன்றைக் காண்பார்கள். எது வாங்கவைக்கிறதோ அது நிற்கும். "எழுத்து தோத்துடுச்சுன்னா நீங்க வாங்கினவங்க குறை கேக்கற போனுக்குத்தான் போகணும் புலவர் சார். சொல்றதுக்கு எனக்கே சங்கடமா இருக்கு" என்றார்.

தம் பகையான காணொளிக்குத் தாமே வேடம் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தவரின் மனத்தில் அதனால் ஒரு கள்ளம் புகுந்தது. உறங்குவது போல நடித்துவிட்டால் போதும். மூச்சைச் சற்று வேகமாக விட்டால், புருவத்தை ஓர் இழை நெரித்தால், பார்ப்பவர் எவரும் அதை நம்பார். பாற்கடலில் கிடந்தவனுக்கு அறிதுயில் வாய்த்தது. எனக்கு இந்தக் கிடங்கில் பொய்த்துயில் வாய்க்கட்டும் என்று எண்ணிக்கொண்டார்.

ஆனால் தலையணை தன் வேலையைச் செய்தது. அவர் எழுதியபடியே செய்தது. முதலில் கழுத்தை ஏந்தியது. பிறகு தோளின் பாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. பஞ்சு இயந்திரத்தின் இரைச்சல் மெல்ல மெல்ல நெடுந்தொலைவில் கரை மோதும் நீராயிற்று. ஒரு நீண்ட நடைக்கூடம் தெரிந்தது. இருபுறமும் திரைச்சீலைகள் காற்றின்றியே அசைந்தன. அவர் எழுதிய வாக்கியங்கள் வரிசையாக அவருக்கு முன்னே நடந்தன. நடக்க நடக்க ஒவ்வொரு சொல்லாய்க் கழற்றித் தரையில் வைத்துவிட்டு இலேசாகிக்கொண்டே போயின. கூடத்தின் கோடியில் யாரோ முதுகு காட்டி நின்றார்கள். கூப்பிட வேண்டும் என்று இருந்தது. அதற்கு வேண்டிய சொற்கள் மட்டும் கையில் மீந்திருந்தன.

"எந்திரிங்க புலவரே, கிடங்கைப் பூட்டப்போறாங்க!"

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒண்ணே முக்கால் மணி நேரம். நாற்பது செகண்ட் கேட்டா ஒரு சினிமாவே குடுத்துட்டீங்க. கட்டிலோட தூக்கிட்டுப் போயிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

பத்தாம் நாள் கணக்கு வந்தது. எழுத்தைக் கண்டு ஒருவர் வாங்கினால், உறங்கும் மனிதரைக் கண்டு மூவர் வாங்கியிருந்தார்கள். புலவர் தம் மேசையிலிருந்த இரு அகராதிகளையும் பைக்குள் வைத்துக்கொண்டு, குறை கேட்கும் தொலைபேசி எந்த மூலையில் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். அப்போது முதலாளியம்மா அழைத்தார். திரையில் காணொளிக்கு அடியில் ஒரே கேள்வி முப்பத்தொரு பேரால் கேட்கப்பட்டிருந்தது. ‘கடைசியில் அவர் உதடு அசைகிறதே, என்ன சொல்கிறார்?’

முப்பத்து நான்காம் நொடியில் தம் உதடுகள் அசைவதைப் புலவர் அப்போதுதான் கண்டார். நடுக்கம் இல்லை, முனகல் இல்லை. எதிரே இருப்பவரிடம் பேசுவது போல நிதானமாக, நான்கைந்து சொற்கள்.

"மெஷின் சத்தம் தாங்காம ஒலியை எடுத்துட்டு மழைச் சத்தம் போட்டேன்" என்றான் கேமராக்காரன். மூலப் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். பஞ்சு ஊதும் இரைச்சல் அன்றி ஒன்றும் இல்லை.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள அதுக்குக் கீழ போட ஒரு வரி குடுங்க" என்றார் முதலாளியம்மா. "அது நல்லா அமைஞ்சா உங்களை எங்கேயும் அனுப்பல. எல்லாக் காணொளிக்கும் நீங்களே எழுதுங்க."

"நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாதுங்களே."

"அட, எதையாவது எழுதுங்க சார்! தூக்கத்துல உளறினதுக்குச் சாட்சியா வரப்போகுது?"

ஒரு சாட்சி உண்டு என்பது வீடு திரும்பும் வழியில்தான் அவர் நினைவுக்கு வந்தது.

அவர் மனைவி மருத்துவமனையில் இரவுப்பணிச் செவிலி. தொண்டையில் குழாய் செருகியவர்கள் கிடக்கும் கூடத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை. தண்ணீர், வலி, மகன் வந்தானா என்று அவர்கள் ஓசையின்றிக் கேட்பதையெல்லாம் உதட்டசைவிலேயே படித்துவிடுவாள். அவர் உறங்கும் வேளையில் அவள் விழித்திருப்பாள். அவள் உறங்கும் வேளையில் அவர் அலுவலகத்தில் இருப்பார். விடுப்பு நாளிலும் உடம்பு பழக்கத்தை விடாமல் இரவெல்லாம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருப்பாள். அவர் தூக்கம் கெடக்கூடாதென்று அறைக்கதவைச் சாத்திவைப்பாள். இருவருக்கும் பொதுவாய் இருந்தது காலையில் ஓர் அரைமணி நேரம். அதுவும் பால், சாவி, மின்கட்டணம் என்று கழிந்துவிடும்.

மறுநாள் காலை எட்டேமுக்காலுக்கு அவள் வந்தாள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு கட்டிலில் அமர்ந்தவளிடம் கைப்பேசியை நீட்டினார்.

முதல் முறை அவள் உதட்டைப் பார்த்ததாகவே தெரியவில்லை. முழுமுகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "முடி இவ்வளவு நரைச்சுடுச்சா?" என்றாள். பிறகு, "நீங்க தூங்கிப் பாத்து எத்தனை வருஷமாச்சுங்க" என்றாள்.

இரண்டாம் முறை முப்பத்து நான்காம் நொடி வந்ததும் அவளுடைய உதடுகளும் கூடவே ஓசையின்றி அசைந்தன. அசைந்து நின்றன. கைப்பேசியைக் கவிழ்த்துப் போர்வைமேல் வைத்தாள்.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"சொல்லேன்ம்மா, பத்து மணிக்குள்ள குடுக்கணும்."

"இது கடைக்குச் சொன்னது இல்லீங்க."

"அப்போ யாருக்கு?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள் குலுங்கியது, சிரிப்பா வேறா என்று அவருக்குத் தெரியவில்லை. "எந்திரிச்சதும் சொல்றேன். நீங்க கிளம்புங்க, நேரமாச்சு."

திரையை இழுத்து வெயிலை மறைத்தார். செருப்பைக் கூடப் போட்டாகிவிட்டது. கைப்பேசியில் அந்தக் காணொளிக்குக் கீழே வெற்றுக் கட்டம் திறந்திருந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு சிறு கோடு தோன்றி மறைந்து தோன்றி மறைந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு பேர் நாற்பத்தேழு ஆகியிருந்தார்கள். எதை எழுதினாலும் நம்பத்தான் போகிறார்கள். விரல் இரண்டு முறை இறங்கி மீண்டது.

உறக்கத்தில் மூச்சு சீரான பின் அவள் புரண்டு இந்தப் பக்கம் திரும்பினாள். புலவர் கதவருகில் நின்றுவிட்டார். வாக்கியங்கள் இறங்கிச் சென்ற முகமாய் இருந்தது அது. சற்றைக்கெல்லாம் உதடுகள் அசைந்தன. நிதானமாக, எதிரே இருப்பவரிடம் பேசுவது போல.

கைப்பேசியின் ஒளியை அணைத்தார். நாற்காலியை ஓசைப்படாமல் இழுத்துப் போட்டுக் கட்டிலருகே அமர்ந்தார். அவருக்கு அந்தப் படிப்பு தெரியாது. குனிந்து, முதல் எழுத்துப் பயிலும் பிள்ளை போல, அவள் உதடு குவிந்தபோது தம் உதட்டைக் குவித்து, அது விரிந்தபோது விரித்து, பின்தொடரத் தொடங்கினார்.