கண்ணாடியில் விளைந்த உப்பு

உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் ஓடும்போது யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கல்யாணமாகி வந்த பதினாறு வருடமாக உமாராணி புருஷனோடு கையால்தான் பேசியிருக்கிறாள். விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பாடு. இரண்டு கையையும் விரித்தால் பாத்தி நிறைந்துவிட்டது. வீட்டிலும் அதே பழக்கம்தான். பேச வேண்டியதெல்லாம் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது.

தை மாதம் காது டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் வீரபாகுவுக்கு இடது காது போனது போனதுதான். வலது காதாவது மிஞ்ச வேண்டுமென்றால் அந்த டீசல் இன்ஜினை விட்டு விலக வேண்டும்.

வேப்பலோடையைத் தாண்டியிருந்த அவர்கள் உப்பளத்துக்குக் கரண்டுக் கம்பி வந்ததில்லை. உமாராணி மகளிர் குழுவில் கடனுக்கு எழுதிக்கொடுத்து, சின்ன சோலார் மோட்டார் ஒன்றை வாங்கி வைத்தாள்.

"சத்தமே இல்லாம ஓடுதத எப்பிடிளா நம்ப?" என்றான் வீரபாகு. "ஒரு மாசம் பாப்பேன். தண்ணி நின்னுதுன்னா இன்ஜின எடுத்திருவேன்."

இன்ஜினுக்குச் சாக்கைப் போர்த்தினார்கள். சத்தம் போயும் கைப்பேச்சு போகவில்லை.

இருபதாம் நாள் குழாயில் தண்ணீர் மெலிந்தது. அடுத்த மூன்று நாளில் சுண்டுவிரல் கனத்துக்கு வந்து, உச்சி வெயிலில் நின்றே போனது. பங்குனி மாதம், உப்பு இறங்குகிற சமயம். பாத்தி காயக் கூடாது. வீரபாகு போய் இன்ஜின் மேலிருந்த சாக்கை உருவினான்.

இதற்காகவே காத்திருந்தானோ என்று உமாராணிக்கு நெஞ்சு கசந்தது. இனி அந்த ஒற்றைக் காதுக்குத் தன் குரல் எத்தனை நாள் எட்டும்?

"கொஞ்சம் பொறுங்க. டிக்சன் வந்து பாக்கட்டும்."

மோட்டாரை மாட்டிக்கொடுத்த டிக்சன் பைக்கில் வந்தான். சோலார் தகட்டை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இத எந்தத் தண்ணியில கழுவுதிய?"

"கெணத்துத் தண்ணிதான். தூசி படிஞ்சா இழுக்காதுன்னு நீதானலே சொன்ன? காலையிலயும் சாயந்தரமும் தப்பாம கழுவுதேன்."

கிணறு என்றால் அங்கே உப்புத் தண்ணீர்தான். தகட்டின் கண்ணாடி முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்துக் கிடந்தது.

"பாத்தி பத்தலன்னு கண்ணாடியிலயும் உப்பு வெளைய வச்சிட்டியளே! வாரி மூட்ட கட்டவா?"

டிக்சன் விழுந்து விழுந்து சிரித்தான். உமாராணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு நேரமுமா? எனக்குத் தெரியவே தெரியாதே."

"நீ வாரதுக்கு முந்தி ஒருக்க. நீ போன பொறவு ஒருக்க." வீரபாகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீ ஆசப்பட்டு வாங்குன சாமானுல்லா. அழுக்கா கெடந்தா நல்லாவா இருக்கும்?"

இத்தனை நாளும் மனதுக்குள் யாரோடு சண்டை போட்டோம் என்று அவளுக்கு விளங்கவில்லை. போய்க் குடிதண்ணீர் கேனைத் தூக்கிவந்தாள்.

"ஏளா, குடிக்கத் தண்ணி?"

"பாதி போதும். பிடிங்க துண்ட."

அவள் ஊற்ற ஊற்ற அவன் தலைத்துண்டால் துடைத்தான். மூன்றாவது தடவைதான் கண்ணாடியில் வானம் தெரிந்தது. சற்று நேரத்தில் குழாய் இருமி, தண்ணீரைத் துப்பி, பிறகு நிதானமாகக் கொட்டத் தொடங்கியது. டிக்சன் கிளம்பிப் போனான். அவளே சாக்கை எடுத்து இன்ஜினைத் திரும்ப மூடினாள்.

வீரபாகு வரப்பில் குனிந்து மடை திருப்பிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட அவள் கை தானாக உயர்ந்தது. அவன் முதுகு காட்டி நின்றான். கையை இறக்கிக்கொண்டு அவன் வலது பக்கமாகப் போனாள்.

"சாப்பிட வாங்க." சத்தமாகச் சொல்லவில்லை.

அவன் திரும்பாமலே கேட்டான். "என்ன கொழம்பு?"

கையால் கேட்க முடியாத கேள்வி.

"சாளைக் கொழம்பு" என்றாள். பிறகு அவன் கேட்காமலே, "புளிதான் இன்னைக்குக் கொஞ்சம் தூக்கலாப் போச்சு" என்றாள்.