தங்கையின் பங்கு

தங்கைக்குத் தொற்றுக் காய்ச்சல். பதினான்கு நாள் அறையை விட்டு வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வேளையும் சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அம்மாவுக்கு ஆஸ்துமா. அதனால் அந்த வேலை அண்ணன் தலையில் விழுந்தது.

அவன் கல்லூரியின் நானூறு மீட்டர் ஓட்டக்காரன். வீட்டில் அவனுக்குக் குதிரை என்றே பெயர். தொற்று பரவுகிறது என்று கல்லூரியை மூடியதோடு மைதானத்துக்கும் பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஓடிய காலத்தில் பசித்தால் சாப்பிடுவான், வயிறு நிறைந்தால் எழுந்துவிடுவான். இப்போது படுத்தே கிடந்தான். எரிச்சல் வந்தாலும் தின்றான், அழுகை வந்தாலும் தின்றான். பிஸ்கட் டப்பா இரண்டே நாளில் காலியானதும் அம்மா அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்த மாதம் அணித் தேர்வு. வாராவாரம் கோச் வீடியோவில் அவன் எடையைப் பார்த்துத் திட்டினார்.

நான்காம் நாள், அறை வாசலில் நின்றபடியே தங்கையின் முட்டையை வாயில் போட்டுக்கொண்டான். மறுநாள் முட்டையோடு பாதிச் சோறும் போயிற்று. காய்ச்சல்காரியின் சோற்றில் கைவைக்கிறோமே என்று மனசாட்சி குத்தத்தான் செய்தது. குத்தினால் மனம் வாடும், மனம் வாடினால் பசிக்கும். அவன் என்ன செய்வான், பாவம்!

"சோறு பத்தலம்மா," என்று தங்கை உள்ளிருந்து போனில் கெஞ்சினாள்.

"நிறையத்தானேடா வெச்சு அனுப்பறேன்?" அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் தின்னுட்டு இன்னும் கேக்கறாம்மா. படுத்தே கெடந்தா குண்டாயிடுவேன்னு அவகிட்ட சொல்லு."

அம்மா அதை அப்படியே சொல்லித் திட்டினாள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது. அதன்பிறகு தங்கை வாயே திறக்கவில்லை.

பதினைந்தாம் நாள் வெளியே வந்தாள். கன்னம் ஒட்டிப்போய், தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"அட, இளைச்சு எவ்வளவு லட்சணமா ஆயிட்டே! இவனைப் பாரு, ஊதிப்போய்க் கெடக்கான்," என்றாள் அம்மா. குட்டு உடையவில்லை என்று அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தங்கை தன் முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். பிறகு தன் சோற்றில் பாதியையும் தள்ளினாள்.

"வேணாம். மூணு கிலோ குறைக்கலேன்னா டீம்ல கிடையாதுன்னு கோச் சொல்லிட்டாரு."

அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து அவள் அவன் பக்கம் குனிந்தாள். "கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு நீ மெல்ற சத்தம் தினமும் கேட்டுச்சு. தின்னு. இல்லேன்னா அம்மாகிட்ட சொல்லிடுவேன்."

தின்றான்.

"அண்ணன் மேல என்ன பாசம் பாரு!" சொம்போடு திரும்பிய அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ராத்திரியும் தங்கை தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பசி இல்லாமல் இல்லை, வயிறு கத்துவது அவனுக்கே கேட்டது.

"தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டே பாதிச் சோற்றை அவன் தட்டில் தள்ளினாள்.