ஒன்றுக்குப் பூஜ்யம், ஒரு நேர்ச்சை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல, கண்ணில் பட்டது. ஆழ்வார்பேட்டையில் என் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நெடி தாங்காமல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியே கிளம்பி, கால் போன போக்கில் சாந்தோம் வரை போய்விட்டேன். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் தெரிந்தது. உள்ளே நுழைந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, முழு ஆட்டத்தையும் பார்த்தேன்.

பாரிஷ் கோப்பை இறுதியாட்டம். பட்டினப்பாக்கத்து சீ ஸ்டார் கிளப், கோட்டூர்புரத்து ரிவர்சைடு அணியை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. விசில் ஊதியதும் நீலச் சட்டைக்காரர்கள் நடு மைதானத்தில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். நீலப் புடவை கட்டிய ஒரு பெண்மணி மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. நேராகக் கோல் கம்பத்தண்டை வந்தார். வலது கையால் கம்பத்தைத் தொட்டார், அந்த விரல்களை உதட்டில் ஒற்றிக்கொண்டார். கோயிலில் மாதா சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு முத்தி செய்வார்களே, அதேதான். பிறகு பக்கத்தில் நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்:

"இதுக்கு மட்டும் கால் இருந்திருந்தா, கால்ல விழுந்திருப்பேன் சார்."

2

இதை எப்படி ஆரம்பிப்பது என்று நாலு நாள் திண்டாடினேன்.

*அந்தி வெயில் சாந்தோம் கோபுரத்தின் உச்சியைத் தொட்ட அந்த வேளையில்* (வேண்டாம். கோபுரத்துக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை.)

*கிளாடிஸ் டீச்சருக்கு ஃபுட்பால் என்றால்* (உயிர் என்று எழுத வந்தது. எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.)

*எண்பத்து நாலாவது நிமிடத்தில் ரெஃப்ரீ கையை நீட்டி*

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த நீலப் புடவைப் பெண்மணிதான் கிளாடிஸ். ஐம்பத்தோரு வயது. ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர். தனியாக இருப்பவர். வகுப்பில் அதட்டிக்கூடப் பேச மாட்டாராம். மைதானத்தில் நான் காதால் கேட்டது இது: "டேய் கிச்சா! இன்னாடா வேடிக்கை பாத்துக்கினு கீற? லைனை உட்டு வெளிய வாடா!" கிச்சா என்பவன் சீ ஸ்டாரின் கோல் கீப்பர்.

(ஒரு விஷயம். 'அவர்' என்று எழுதினால் எனக்கு அந்தப் பெண்மணியின் கிட்டத்தில் போக முடியவில்லை. ஃபோன் செய்து, கதையில் 'அவள்' என்று எழுதலாமா என்று கேட்டேன். "என்ன வேணா எழுதிக்கோங்க சார், ஸ்கோரை மட்டும் மாத்தாதீங்க" என்று பதில் வந்தது. எனவே இனி அவள்.)

3

ஜேக்கப், அவளுடைய ஒரே அண்ணன். பதினெட்டு வருடம் சீ ஸ்டாரின் கோச்சாக இருந்தவர். மேட்ச் முடிந்ததும் அண்ணனும் தங்கையும் லூப் ரோடு வழியாக நடந்தே வீட்டுக்குப் போவார்கள். வழி நெடுக வாக்குவாதம். இவனை ஏன் மாற்றினாய், அவனை ஏன் இறக்கினாய். ஜெயித்த நாளில் வாக்குவாதம் இன்னும் பலமாக இருக்கும், மீன் கடைக்காரர்கள் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்கிற அளவுக்கு.

நாலு வருடம் முன்னால் ஜேக்கப், மனைவி லிசாவின் வேலைக்காகக் கோட்டூர்புரத்துக்கு வீடு மாறினார். கொஞ்ச நாளில் ரிவர்சைடு அணிக்குக் கோச்சாகவும் போய்விட்டார். போனது தப்பில்லை. தங்கையிடம் சொல்லாமல் போனதுதான் தப்பு. கிளப்பின் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு படம் போட்டார்கள். அதில் அண்ணன் ரிவர்சைடின் சிவப்பு டி-ஷர்ட்டில் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

"ஊருக்கே தெரிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரியணுமா சார்? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா நான் என்ன காலைப் பிடிச்சா இழுத்திருப்பேன்?"

இழுத்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது இருக்கட்டும். அன்றோடு பேச்சு நின்றது. கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து யார் கையிலாவது கேக் வரும். இங்கிருந்து யார் கையிலாவது கல்கல் பலகாரம் போகும். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொன்னாள். அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் தருகிறேன்: "தோத்துட்டா தனியா இருந்துடலாம் சார். ஜெயிச்சுட்டு தனியா வீட்டுக்கு நடக்கறது இருக்கே, அதுதான் முடியல."

4

சீ ஸ்டார் முதல் பாதியிலேயே கோல் போட்டுவிட்டது. அப்புறம் ஒரு மணி நேரம் ரிவர்சைடு மேலே விழுந்து விழுந்து தாக்கியது. எண்பத்து நாலாவது நிமிடம், சீ ஸ்டார் பெனால்டி பாக்ஸுக்குள் ஒருவன் கையில் பந்து பட்டது. பெனால்டி. ரிவர்சைடின் தௌஃபீக் பந்தை வைத்தான். இந்த சீசனில் ஒரு பெனால்டியும் தவறவிடாதவன். எதிரே கோட்டோரம் ஜேக்கப் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கிளாடிஸ் கண்ணை மூடினாள். மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் கொடுப்பதாகச் சொல்லக் கையில் சரக்கு இல்லை. கால் இறுதிக்கு மெழுகுவர்த்தி கொடுத்தாயிற்று. அரை இறுதிக்கு பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு நடந்து வருவதாகச் சொல்லி, மூட்டு வலியில் அது இன்னும் பாக்கி நிற்கிறது.* பழையதை முடிக்காமல் அதையே திரும்பச் சொன்னால் மாதா என்ன நினைப்பாள்? தௌஃபீக் ஓடி வருகிறான். யோசிக்க நேரமில்லை. தன்னால் கொடுக்கவே முடியாது என்று நாலு வருடமாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"மாதாவே, இது உள்ள போகாம இருந்தா, இன்னிக்கே போய் அண்ணன்கிட்ட பேசறேன்."

டொக்கென்று சத்தம். கண்ணைத் திறந்தால், பந்து கம்பத்தில் பட்டு வெளியே உருண்டுகொண்டிருந்தது.

இங்கேதான் எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. கணக்கு டீச்சர் இப்படி ஒரு கணக்குப் போடுவாரா? அண்ணன் தோற்றால்தான் அண்ணனிடம் பேச வேண்டிவரும். அவர் கோப்பையை இழந்த அன்றைக்கே, ஜெயித்தவள் போய்க் கதவைத் தட்ட வேண்டும். குத்திக் காட்ட வந்தாள் என்றுதானே நினைப்பார்? அதுவும் 'இன்னிக்கே'. அந்த ஒரு சொல்லை விட்டிருந்தால் ஈஸ்டர் வரை தள்ளியிருக்கலாம். கேட்டேன். "பந்து வந்துக்கினு இருக்கும்போது கணக்கு வருமா சார்?" என்றாள்.

* இதை எழுதும்போது நடந்து முடித்துவிட்டாள். சேர்க்கச் சொன்னாள்.

5

பத்திரிகை ஆசிரியர் ராகவேந்திரனிடம் கதையைச் சொன்னேன். "ஜெயிச்சவங்க கதையை யார் சார் படிப்பா? தோத்த மாதிரி மாத்துங்க, கனமா இருக்கும்" என்றார்.

கொடுத்த வாக்கை மீறி எழுதிப் பார்த்தேன். பந்து கம்பத்தின் உட்புறம் பட்டு உள்ளே போகிறது. ஒன்றுக்கு ஒன்று, அப்புறம் கூடுதல் நேரத்தில் தோல்வி. நேர்ச்சை ரத்து. கிளாடிஸ் தனியாக வீட்டுக்கு நடந்து, டீ போட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கிறாள். கதை மூன்றாவது பத்தியிலேயே முடிந்துவிட்டது. கனமாகத்தான் இருந்தது. நாலு வருடம் ஐந்து வருடமாகும், அவ்வளவுதான் அதில் நடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, அழித்துவிட்டேன்.

ஐந்து கோல் போட்டு ஜெயிப்பவன் தனக்குத்தானே நன்றி சொல்லிக்கொள்ளலாம். ஒன்றுக்குப் பூஜ்யத்தில் ஜெயிப்பவனுக்கு அந்த வசதி கிடையாது. கம்பத்துக்குச் சொல்ல வேண்டும், காற்றுக்குச் சொல்ல வேண்டும், தௌஃபீக்கின் வலது காலுக்கும் சொல்ல வேண்டும். அந்தச் சாயங்காலம் கிளாடிஸ் பார்த்தவருக்கெல்லாம் நன்றி சொன்னாள். கிச்சாவுக்கு, கிச்சாவின் அம்மாவுக்கு, தண்ணீர் கேன் போட்டவருக்கு, சும்மா நின்ற எனக்கு. வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். இப்போது என் பங்குக்கு நானும் அந்தக் கம்பத்துக்கு மனசார நன்றி சொல்கிறேன். அரை அடி தள்ளி நட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

6

சாயங்காலம் ஆறு மணி. கிளப்பில் லட்டு கொடுத்தார்கள். கிளாடிஸ் இரண்டு லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் வீட்டுக்கு நாலு வருடம் கழித்து வெறுங்கையோடு போகக் கூடாது. ஜெயித்த லட்டை எடுத்துக்கொண்டு தோற்றவர் வீட்டுக்குப் போனால், அதைவிட அவமானம் வேறில்லை. லட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நீலப் புடவையை மாற்றலாமா? மாற்றினால் விருந்தாளி மாதிரி இருக்கும். மாற்றாவிட்டால் வம்புக்கு வந்த மாதிரி இருக்கும். வீடு வரை போய், பீரோவைத் திறந்து, மூடிவிட்டு, அதே புடவையோடு இறங்கினாள். பட்டினப்பாக்கத்தில் ஒரு கிலோ சங்கரா வாங்கிக்கொண்டாள். மீனைப் பார்த்து யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஆட்டோவில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாளாம். 'நல்லா ஆடினீங்க' என்றால் கிண்டல். 'எப்படி இருக்கே' என்றால் அன்னியம். 'மன்னிச்சிடு' என்று சொல்ல முடியாது, ஏனென்றால் தப்பு அவர் மேல். கோட்டூர்புரம் பாலம் தாண்டும் வரை ஒரு வாக்கியமும் தேறவில்லை. இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாளாம். வாக்குக் கொடுத்தது மாதாவிடம், அதனால் போகவில்லை.

7

கதவைத் தட்டினாள். இங்கே நான் எழுதிவைத்த முடிவுகள்:

அ. ஜேக்கப் கதவைத் திறக்கிறார். தங்கையைக் கட்டிக்கொண்டு அழுகிறார். (ஒரு பக்கம் எழுதினேன். நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் படித்தபோது வெட்கமாக இருந்தது.)

ஆ. வீடு பூட்டியிருக்கிறது. மீனைக் கதவில் மாட்டிவிட்டு (பூனை இருக்கும் ஊர் இது.)

இ. ஜேக்கப் பேசவே இல்லை. அவள் மட்டும் பேசிவிட்டு

இப்படியே ஏழு முடிவு. எதுவும் ஒட்டவில்லை. அடுத்த வாரம் புதன்கிழமை ஃபோன் செய்து, உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்டேன்.

8

லிசா கதவைத் திறந்தாள். "வா கிளாடிஸ்" என்று சொல்லி மீன் பையை வாங்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்ததைக் காட்டாமல் உள்ளே போய்விட்டாள். கூடத்தில் ஜேக்கப், சிவப்பு டி-ஷர்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். நாலு வருடம் கழித்து அவர் சொன்ன முதல் வார்த்தை:

"அது ஆஃப்சைடு."

கிளாடிஸ் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை. "எது ஆஃப்சைடு? நாங்க போட்ட கோலா? உன் டிஃபெண்டர் ஒருத்தன் எங்க ஆளுக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்தான், பாக்கலியா நீ?"

"முதல்ல கண்ணாடியை மாத்து கிளாடி."

"நீ முதல்ல டீமை மாத்து. சொல்லாமக்கூட மாத்துவியே!"

அப்புறம் ஜேக்கப் தரையைப் பார்த்துக்கொண்டே, "சொல்லியிருக்கணும். உன் மூஞ்சைப் பாத்து சொல்ல தைரியம் வரல" என்றார். உடனே தலையைத் தூக்கி, "அதுக்காக அது ஆஃப்சைடு இல்லன்னு ஆயிடாது" என்றார்.

மீனை வறுத்துச் சாப்பிட்டபோதும் சண்டை. பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட வந்தபோதும் சண்டை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார்கள். "தினம் ஃபோன் பண்றாரு சார்," என்றாள் கிளாடிஸ். "தினம் அந்த ஒரு கோலைப் பத்திதான்."

அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "நீங்க அங்கதானே சார் உக்காந்திருந்தீங்க? அண்ணனும் கேக்கறாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

தெரியும். ஒரு பத்திரிகையில் இருபது வருடம் விளையாட்டுப் பக்கத்துக்குப் பிழை திருத்தியவன் நான். கோல் விழுந்தபோது, கடைசி டிஃபெண்டருக்கு நேராக, சிமெண்ட் மேடையில் உட்கார்ந்திருந்தேன். தெளிவாகப் பார்த்தேன். அவளிடம், அந்த நேரம் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்களிடமும் சொல்ல மாட்டேன். சொன்னால் இருவரில் ஒருவர் சரி என்றாகிவிடும், மற்றவர் ஃபோனை வைத்துவிடுவார். நீங்கள் அந்த மைதானத்தில் இல்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு எந்தத் தடையும் கிடையாது. ஆஃப்சைடா, இல்லையா, உங்கள் இஷ்டப்படி முடித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அவர்கள் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.