குறை சொல்லும் வட்டம்

எங்கள் நாடகக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒத்திகை முடிந்ததும் எல்லாரும் மேடையிலேயே வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு குறை சொல்ல வேண்டும். யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. பழைய தலைவர் இதை நிறுத்தப் பார்த்தபோது மல்லுக்கு நின்றவர் என் அத்தான், அக்காவின் புருஷன். அதற்காகவே அவரைத் தலைவராக்கினோம்.

தலைவரானதும் ராஜா வேஷமும் அவருக்கே வந்தது. நாடகமும் பொருத்தமானதுதான்: நல்ல ராஜா ஒருவர் துதிபாடிகளை நம்பிக் கெட்டுப்போகும் கதை. ராணி ஒருத்திதான் அவர் தப்பை முகத்துக்கு நேரே சொல்வாள். அந்த ராணி என் அக்கா. பல வருஷம் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவளுக்கு இதுதான் முதல் வேஷம். அடுப்படியிலும் ராணி வசனம்தான். உடை தைக்கும் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

முதல் வாரம் அத்தான் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதுகுவலியாம். அடுத்த வாரம், "நேரமில்ல, சுருக்கமா சொல்லுங்க" என்றார். விளக்குப் போடுபவர் வாயைத் திறந்தார். மறுநாள் அவருக்கு வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. அப்புறம் எல்லாரும் "பிரமாதம்" என்று ஐஸ் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்காவுக்கு அந்த வித்தை வராது. "ராஜாவோட மகன் செத்துக் கிடக்கிறான். நீங்க அவனைப் பார்க்காம ஜனங்களைப் பார்த்து அழுறீங்க" என்றாள்.

அத்தான் சிரித்துக்கொண்டார். மறுநாள் ராணி வேஷம் வேறொருத்திக்குப் போனது.

"உன் குரல் பின்வரிசைக்குக் கேக்கல, அதான்" என்று சமாதானம் வேறு. அக்கா ராணி உடையை மடித்து என் கையில் கொடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ராஜா அங்கியின் இடுப்பை இரண்டு விரல் இறுக்கித் தைத்தேன்.

நாடகத்தன்று அரங்கம் நிறைந்துவிட்டது. மகன் செத்த காட்சியில் அத்தான் ஜனங்களைப் பார்த்து அழ அழ, யாரோ சிரித்தார்கள். பிறகு அரங்கமே சிரித்தது.

திரை விழுந்ததும் அத்தான் எங்களோடு தரையில் வந்து உட்கார்ந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"எதுக்குச் சிரிச்சாங்க? நிஜமாத்தான் கேக்குறேன்."

"பொறாமைங்க" என்றார் மந்திரி வேஷக்காரர். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அத்தான் அக்காவிடம் திரும்பினார். "நீயாவது சொல்லு."

அத்தனை கோபத்திலும் எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. சொல்லிவிடேன் அக்கா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அக்கா அவரைப் பார்த்தாள். "பிரமாதமா இருந்துச்சு" என்றாள்.

அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மந்திரியின் முதுகில் தட்டி, "கேட்டீங்கல்ல? இவளுக்குப் பொய் சொல்லவே வராது" என்றார்.