சிவப்பு விளக்கில் நின்ற கார்

ஈரத்தரை அக்கா இரண்டு கைகளையும் மேல்கோட்டில் நன்றாகத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அந்த விளையாட்டுக் கருவியைத் தொட்டாள்.

"ஒடஞ்சிடாதே தங்கச்சி?"

"ஒடஞ்சா வேற இருக்குக்கா. சும்மா புடிங்க" என்றாள் நாடிக்காரி.

இரண்டுமே அலுவலகம் வைத்த பெயர்கள். தரையைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் யாராவது செருப்புக் காலோடு ஏறி வருவார்கள். "ஈரத்தரை, ஈரத்தரை" என்று நாள் முழுக்கக் கத்திக் கத்தியே அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது. நாடிக்காரிக்கு வேலையால் வந்தது. வீடியோ கேம் தயாரிக்கிற அந்தக் கம்பெனியில், ஆடிப் பார்க்க வருகிறவர்களைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்து, எங்கே பிடித்தது, எங்கே சலித்தது என்று படிவத்தில் குறிப்பது அவள் வேலை. அவள் பக்கமிருந்து பார்த்தால் அது ஜன்னல், ஆடுகிறவர்கள் பக்கமிருந்து பார்த்தால் வெறும் முகக்கண்ணாடி.

விரல்களை ஐந்து நிமிடம் பார்த்தால், நாடி பிடித்துப் பார்த்ததுபோல ஆள் எந்த ரகம் என்று சொல்லிவிடுவாள். துப்பாக்கி விளையாட்டுக்கு வருகிற பல் மருத்துவர் செத்துச் செத்துப் பிழைப்பார், ஒவ்வொரு முறையும் வாயெல்லாம் பல்லாக எழுந்துகொள்வார். தப்பு செய்தாலும் யாருக்கும் வலிக்காத ஒரு மணி நேரம் அவருக்கு வேண்டியிருந்தது. புதிர் விளையாட்டுக்கு வருகிற பெண்மணிக்கு விடை கிடைத்துவிட்டால் முகம் வாடிவிடும். மாட்டிக்கொண்டு திணறுவதில்தான் அவருக்குச் சுகம். தோட்டம் போடுகிற விளையாட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் விளைந்த தக்காளியைப் பறிக்கவே விடமாட்டார், வரிசை கெட்டுப்போகுமாம். ஆளுக்கொரு ருசி. இதையெல்லாம் கண்டுபிடித்து எழுதி எழுதி நாடிக்காரிக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

புதிதாகச் செய்த கார்ப் பந்தயத்துக்கு, வாழ்நாளில் இந்தக் கருவியையே தொடாத ஒருவர் வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். வரச்சொன்ன ஆள் வரவில்லை. நடையில் அக்கா துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கூச்சப்பட்டாள், வேலை கிடக்கிறது என்றாள். "யாருக்கும் காட்ட மாட்டேன்க்கா. நான் மட்டும்தான் பாப்பேன்" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தது நாடிக்காரிதான்.

பந்தயம் தொடங்கியது. மற்ற ஏழு கார்களும் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தன. அக்காவின் கார் ஓரமாக, மெதுவாக, கல்யாண ஊர்வலம் போவதுபோலப் போனது. முதல் முக்கில் நின்றேவிட்டது. பொத்தானை விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நாடிக்காரி நினைத்தாள். பிறகுதான் பார்த்தாள், திரையில் சிவப்பு விளக்கு. பச்சை வந்ததும் கார் கிளம்பியது. அடுத்த முக்கில் யாரோ சாலையைக் கடந்தார்கள். அக்கா கருவியிலிருந்து ஒரு கையை எடுத்து, "போங்க, போங்க" என்று திரையிலிருந்த பொம்மை மனிதர்களுக்குச் சைகை காட்டினாள். நாற்பது நிமிடம் இப்படியே போனது. கடைசியில் பந்தயப் பாதையை விட்டு விலகி, கடலோரத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே காரைக் கச்சிதமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சிடுச்சா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனாள்.

படிவத்தில் நான்கு கட்டங்கள்: சிரித்தார், முன்னால் சாய்ந்தார், சத்தம் போட்டார், இன்னொரு முறை கேட்டார். நான்கும் காலி. "ஆட்டம் புரியவில்லை, ரசிக்கவில்லை" என்று நாடிக்காரி எழுதி மூடினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் பெரிய கூடத்தில் கூடி, அந்த வாரத்தில் சிரிப்பு மூட்டிய ஏதாவது ஒன்றைத் திரையில் போட்டுப் பார்ப்பார்கள். நாடிக்காரி கொடுத்தது ஒருமுறைகூடத் தேர்வானதில்லை. உன் அறிக்கையைப் படித்தால் கொட்டாவி வருகிறது என்று மேலாளர் வேறு சொல்லியிருந்தார். ஒரு தடவையாவது கைதட்டல் வாங்கிவிட வேண்டும் என்ற அரிப்பு அவளுக்கு. கேமராவில் பதிவாகியிருந்த அக்காவின் நாற்பது நிமிடத்தை ஒன்றரை நிமிடமாக வெட்டினாள். பின்னாலிருந்து யாரோ பொறுமையிழந்து ஹாரன் அடிப்பதுபோலச் சத்தம் சேர்த்தாள். சேர்க்கும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

கூடம் வயிறு குலுங்கச் சிரித்தது. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த விளையாட்டின் தெருக்களை வரைந்தவன் மட்டும் சிரிக்காமல் அவள் பக்கம் குனிந்து, "சிக்னல் மாறுறத நெசமாவே ஒருத்தங்க பாத்தாங்களா?" என்று கேட்டான். எட்டு மாதம் உட்கார்ந்து செய்தவன் அவன். அவள் காதில் அது விழுந்தும் விழவில்லை, கைதட்டல்தான் விழுந்தது. சிரித்த சிரிப்பில் யாரோ காப்பியைக் கொட்டிவிட்டார்கள். துடைக்க ஆள் கூப்பிட்டார்கள்.

அக்கா வாளியோடு உள்ளே வந்தாள்.

சுவர் அகலத்துக்கு அவள் முகமே இருந்தது. நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, "போங்க, போங்க" என்று கையாட்டியது. பின்வரிசையில் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. முன்வரிசைக்காரர்களுக்கு விஷயம் தெரியாது, சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் தாமதமாக, எல்லோரும் சிரிக்கிறார்களே என்பதற்காகச் சிரிப்பதுபோல, அவளும் சிரித்தாள். பிறகு மண்டியிட்டுத் துடைத்தாள். எழும்போது வழக்கப்படி, "ஈரத்தரை, பாத்து" என்றாள், மெதுவாக. நாடிக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நொடியில் எழுந்துபோய்த் திரையை நிறுத்தியிருக்கலாம். கைதட்டினவர்கள் முன்னால் எழக் கூச்சப்பட்டு உட்கார்ந்தே இருந்தாள். அதுதான் அவளைப் பிறகு அரித்தெடுத்தது.

நடையில் போய் மறித்தாள்.

"நான் தப்பா ஆடிட்டேனா மேடம்?" என்றாள் அக்கா.

அதுவரை மேடம் கிடையாது. தங்கச்சிதான்.

"இல்லக்கா. காட்ட மாட்டேன்னு சொல்லிட்டு காட்டிட்டேன். தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க."

"அட, இதுல என்ன மேடம் இருக்கு. நாலு பேர் சிரிச்சா நல்லதுதானே." அக்கா துணியைப் பிழிந்தாள், பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். "லைசென்ஸ் எடுத்துப் பதினோரு வருஷமாச்சு. ஒரு தடவ புதுப்பிக்கவும் செஞ்சிட்டேன். ஓட்டத்தான் வண்டி அமையல. அதான் அன்னிக்கி அப்படியே லயிச்சிப்போய் உக்காந்துட்டேன். பந்தயம்னு நீங்க சொல்லத்தான் செஞ்சீங்க. எனக்குத்தான் மண்டையில ஏறல."

நாடிக்காரி இருக்கைக்குப் போய் வெட்டாத நாற்பது நிமிடத்தையும் பார்த்தாள், ஹாரன் இல்லாமல். காரைத் திருப்புவதற்கு முன் அக்கா ஒவ்வொரு முறையும் தோளுக்கு மேல் திரும்பி, அந்த அறையின் வெறும் சுவரைப் பார்த்திருந்தாள். கடலோரத்தில் நிறுத்தியபோது தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. முடிந்துவிட்டதா என்று அவள் கேட்டது சலிப்பினால் அல்ல. இவ்வளவும் கண்ணெதிரே நடந்திருக்கிறது. நாடி பார்க்கிறவளாம்! அவளுக்குத் தன்னை நினைத்தே கூசியது. "ரசிக்கவில்லை" என்று எழுதியதைக் காகிதம் கிழிகிற மட்டும் அழித்தாள்.

திங்கட்கிழமை மதியம் மறுபடி கேட்டாள். "ஒரே ஒரு தடவக்கா. கேமரா இல்ல. ஒங்க இஷ்டத்துக்கு ஓட்டுங்க."

"நீங்க சொன்னா சரி மேடம்."

இந்த முறை கண்ணாடிக்குப் பின்னால் போகாமல், நாடிக்காரி பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டாள். அக்கா கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். "இந்தத் தடவ ஒழுங்கா ஆடுறேன் பாருங்க" என்றாள். கார் சீறிக்கொண்டு கிளம்பியது. முதல் சிவப்பைத் தாண்டியது. இரண்டாவதில் சாலையைக் கடந்தவர்கள் நாலாபக்கமும் சிதறி ஓடினார்கள். அக்கா சத்தம் போட்டாள், சிரித்தாள், ஒவ்வொரு முக்கிலும் நாடிக்காரியின் முகத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். மூன்றாவது இடம் வந்து, திரை முழுக்க வண்ணக் காகிதம் கொட்டியது.

"இப்ப சரியா மேடம்? இன்னொரு தடவ ஆடவா?"

நான்கு கட்டங்களும் நிறைந்துவிட்டன. அடுத்த பந்தயம் தொடங்கியதும், "அக்கா, நில்லுங்க, சிவப்பு" என்றாள் நாடிக்காரி.

"அட போங்க மேடம், கிண்டல் பண்ணாதீங்க" என்று அக்கா சிரித்தாள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

சிவப்பு நெருங்கியது. சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த அந்தக் கட்டைவிரல் பொத்தானைவிட்டு ஒரு நூலிழை மேலே எழும்பியது. பிறகு அழுத்தியது.